கணக்கு எழுத மறுத்த ஊர்

1429ஆம் ஆண்டு, சௌமிய வருடம். விசயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆட்சி. விருத்தாசலம் வட்டாரத்தில் வலங்கை 98, இடங்கை 98 என்று தங்களைச் சொல்லிக்கொண்ட குடிகள் கூடி ஒரு முடிவெடுத்து, அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அரசனின் அதிகாரிகளும், பணிக்கு ஈடாக நிலம் பெற்ற சீவிதக்காரரும் குடிகளை நெருக்குகிறார்கள். காணியாளரும் பிராமணரும் வரியை வாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே இவர்களுக்கு நம்மில் எவரும் புகலிடம் தரக் கூடாது. நாட்டில் பிறந்த எவரும் இவர்களுக்குக் கணக்கு எழுதக் கூடாது. மீறுபவன் துரோகி, அவனைக் குத்திப் போடலாம். கல்வெட்டின் சாரம் இதுதான்.

வரி கொடுக்க மாட்டோம் என்று சொன்ன குடிகள் உலகத்தில் பலர். கணக்கு எழுதித் தர மாட்டோம் என்று சொன்னவர்கள் அபூர்வம். நிலத்தை அளந்து, விளைச்சலை மதிப்பிட்டு, ஓலையில் ஏற்றுகிறவன் இல்லாமல் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ஊரே தெரியாது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் தண்டனை அவ்வளவு கடுமை.

‘பெருந்தரவு’ என்ற சொல்லை இன்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். வரலாறு, இலக்கியம், சமயம், நாட்டார் வழக்காறு படிப்பவர்களும் தரவோடு வேலை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தப் பயிற்சி பெரும்பாலும் இரண்டு முகாம்களாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் மென்பொருள் கற்றுத் தருகிறவர்கள். எண்ணிக்கை வந்தால் போதும் என்பார்கள். மறுபக்கம் எண்ணிக்கை என்றாலே அதிகாரத்தின் சூழ்ச்சி என்று ஒதுக்குகிறவர்கள். அவர்கள் ஓர் அட்டவணையைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை. விருத்தாசலத்துக் கல்வெட்டை வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் பிரிவினையே பொருளற்றது. அந்தக் கல்வெட்டின் எடை, எண்ணிப் பார்த்தவர்களால்தான் தெரியவந்தது. எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்கவும் செய்யாது.

எப்படி என்று சொல்வதற்கு முன், சுவரில் இருந்த எழுத்து தரவாகும் வழியைப் பார்த்துவிட வேண்டும்.

மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் பழமலைநாதர் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்தார். அதன் பிறகு சோழர், காடவர், பாண்டியர், விசயநகரத்தார் என்று வந்தவரெல்லாம் சுவரில் எழுதிவைத்துப் போனார்கள். 1886இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் சென்னை மாகாணத்தின் கல்வெட்டு அறிஞராக நியமிக்கப்பட்ட பின் முறையான படியெடுப்பு தொடங்கியது. சுவரை நீர் விட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மற்ற இடம் கறுப்பாகும். இதுதான் மைப்படி. அதை ஒருவர் படிப்பார், ஆண்டறிக்கையில் எண் கொடுத்து ஆங்கிலத்தில் சில வரிகளில் சுருக்கம் எழுதுவார். பிறகு, பல சமயம் பல பத்தாண்டுகள் கழித்து, முழுப் பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் வரும். வராமலேயே கிடப்பவையும் ஏராளம்.

ஆக, சுவரிலிருந்து தாள், தாளிலிருந்து வாசிப்பு, வாசிப்பிலிருந்து சுருக்கம், சுருக்கத்திலிருந்து அட்டவணை. ஒவ்வொரு படியிலும் ஒருவர் எதை எடுப்பது எதை விடுவது என்று முடிவெடுத்திருக்கிறார். மைப்படிகள் பெருமளவில் மைசூரில் இருந்தன. கல்வெட்டுத் துறையின் தலைமையகம் 1966இல் அங்கே போனது. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது மேடைகளில் பேசப்பட்டது பெரும்பாலும் மொழிப் பெருமை. அந்தத் தாள்களில் பலவற்றுக்கு மூலமான சுவரே இன்று இல்லை என்பது அதைவிடப் பெரிய செய்தி. திருப்பணி என்ற பெயரில் கல் மாற்றப்பட்டிருக்கிறது, மணல் வீச்சில் எழுத்து தேய்ந்திருக்கிறது, சுண்ணாம்பும் எண்ணெய் வண்ணமும் ஏறியிருக்கின்றன. மூலம் போன பின் படியே மூலம்.

இந்தியாவின் கல்வெட்டுகளில் பாதிக்கு மேல் தமிழ் என்று அடிக்கடி சொல்லப்படும் கணக்கையும் இதே கண்ணோடு பார்க்கலாம். தமிழ்நாட்டில் கோயில் கோயிலாகப் போய்ப் படியெடுத்த உழைப்பு எல்லா மாநிலத்திலும் ஒரே அளவில் நடக்கவில்லை. உடைந்து கிடக்கும் ஒரே கல்வெட்டின் துண்டுகள் தனித்தனி எண் பெற்றதும் உண்டு. தமிழ் எண்ணிக்கை மிகப் பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விழுக்காட்டைச் சொல்கிறவர்கள் எதை ஒன்று என்று எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

எழுத்து அளவிலேயே சிக்கல் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டில் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். ‘தர’ என்று படிப்பதா ‘தா’ என்று படிப்பதா என்பதை முன்பின் வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படித்தவர் தனக்கு ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவார், அழிந்ததைப் புள்ளிகளால் காட்டுவார். அந்தத் தொகுதியை மின்வருடி, எழுத்துணரி மென்பொருளில் விட்டு, தேடத் தோதாக ‘சுத்தம்’ செய்கிறவர் முதலில் நீக்குவது அந்த அடைப்புக்குறிகளைத்தான். ஒரு நொடியில் ஐயம் உறுதியாகிவிடுகிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2019இல் தொடங்கிய தர்மா திட்டம், கல்வெட்டுப் பாடங்களைக் குறியிடும்போது தெளிவற்ற எழுத்து, அழிந்த எழுத்து, பதிப்பாளர் ஊகித்து நிரப்பிய எழுத்து என்று தனித்தனியே அடையாளம் வைக்கிறது. மெதுவான வேலை. அந்த மெதுவுக்குக் காரணம் இருக்கிறது.

இனி எண்ணியவர்களின் கதை.

நொபொரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து கல்வெட்டியல் படித்தவர். எ. சுப்பராயலு சோழ நாட்டின் நாடு, கூற்றம், வளநாடு எல்லைகளைக் கல்வெட்டில் வரும் ஊர்ப் பெயர்களைக் கொண்டு வரைபடமாக்கி 1973இல் நூலாக்கியவர். இவர்கள் இருவரும் தோரு மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றினார்கள். 3,543 கல்வெட்டுகள், 9,590 பெயர்ப் பதிவுகள். 1978இல் மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை அதை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. மேசைக் கணினி என்ற ஒன்று நம் ஊரில் எவர் வீட்டிலும் இல்லாத காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டு ஐராவதம் மகாதேவன் சிந்து முத்திரை எழுத்துகளுக்கான தொடரடைவைக் கணினி கொண்டு தயாரித்து வெளியிட்டிருந்தார். ‘டிஜிட்டல் மானுடவியல்’ என்பது மேற்கிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியதாகப் பேசுகிறவர்கள் 1977, 1978 என்ற இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைக்க வேண்டும்.

சோழர் காலப் பெயர்களின் அந்தத் தொடரடைவால் என்ன கிடைத்தது? சோழர் காலத்தை 849–985, 985–1070, 1070–1178, 1178–1279 என்று நான்காகப் பிரித்து, பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களை எண்ணினார்கள். மூவேந்தவேளான் என்ற பட்டம் இரண்டாம் காலத்தில் பெருகி நிற்கிறது. அந்தப் பட்டத்துக்கு முன்னால் அரசன் பெயரோ அவன் விருதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலமுள்ள ஊர்த் தலைவர்களை அரசு பட்டம் கொடுத்துத் தன் அலுவலராக இழுத்துக்கொள்கிறது என்று இதற்குப் பொருள். முதலாம் இராசராசன் காலத்திலிருந்து நிர்வாகம் இறுகியது என்ற முடிவுக்கு இது வலுச் சேர்த்தது. 1980இல் பர்ட்டன் ஸ்டெயின் தன் நூலில், சோழ அரசுக்குத் தஞ்சை வட்டாரத்துக்கு வெளியே சடங்குத் தலைமை தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை, நாடுகள்தான் உண்மையான அலகு என்று எழுதினார். ஆப்பிரிக்க அலூர் மக்களைப் பற்றிய சவுத்தாலின் ஆய்விலிருந்து எடுத்த மாதிரி அது. ஸ்டெயினின் சிந்தனை கூர்மையானது, படிக்கவும் சுவையானது. ஆனால் பட்டங்களின் எண்ணிக்கையும் அவை எந்தெந்த நாடுகளில் எப்போது வருகின்றன என்ற பரவலும் அவருக்கு எதிராக நின்றன. அழகான கோட்பாட்டை ஒரு தொடரடைவு அசைத்துப் பார்த்தது. எண்ணுவதை ஒதுக்குகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூல் இன்னொரு சான்று. தேவரடியார் என்றாலே ஆடல் பாடல், வீழ்ச்சி என்ற இருபதாம் நூற்றாண்டுப் பார்வையை அவர் கல்வெட்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்துக் கேள்விக்கு உள்ளாக்கினார். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற்பெண்கள் பெரும்பாலும் கொடை கொடுப்பவர்களாகவே வருகிறார்கள். கொடையின் வழியாகக் கோயிலில் உரிமையும் இடமும் பெற்றார்கள். பிற்காலத்தில் அது கூடுகிறது. ஒரு கல்வெட்டை எடுத்துப் பேசினால் யாரும் விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம். நூற்றுக்கணக்கில் அடுக்கினால் முடியாது.

ஆனாலும் கோயில் கல்வெட்டு யாருடைய குரல்? நுந்தா விளக்குக்கு 90 ஆடோ 96 ஆடோ கொடுத்தவன் பெயர் கல்லில் நிற்கும். அந்த ஆட்டை மேய்த்து நாள்தோறும் உழக்கு நெய் அளந்த இடையனின் பெயர் சில சமயம் வரும். சேரிக்காரர் வரமாட்டார், வந்தால் நில எல்லை சொல்லும் இடத்தில் ஒரு திசைக் குறிப்பாக வருவார். 9,590 என்பது சோழ நாட்டு மக்கள்தொகையின் மாதிரி ஆகாது. கொடுக்கவும் வாங்கவும் கையெழுத்திடவும் தகுதி பெற்றிருந்தவர்களின் பட்டியல் அது. கராஷிமாவுக்கும் சுப்பராயலுவுக்கும் இது நன்றாகத் தெரியும். ஆகவேதான் நிலம், பட்டம், அலுவல், வரி என்று இந்தத் தரவு பதில் சொல்லக்கூடிய கேள்விகளையே அதனிடம் கேட்டார்கள்.

வரிப் பெயர்களிலும் அதே எச்சரிக்கை வேண்டியிருந்தது. கல்வெட்டில் வரும் வரிச் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பட்டியலைப் பார்த்தால் குடியானவன் மூச்சு விடுவதற்கும் வரி கொடுத்தான் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான சொற்கள் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வருகின்றன. கடமை, குடிமை, வெட்டி, அந்தராயம், எச்சோறு போன்ற சிலவே திரும்பத் திரும்ப வருபவை. பட்டியலின் நீளமும் சுமையின் கனமும் வேறு வேறு.

அலகுகள் இன்னொரு தொல்லை. 12 குறுணி ஒரு கலம், 8 நாழி ஒரு குறுணி என்று வாய்பாடு சொல்கிறது. அளந்த மரக்கால் எது? தஞ்சைக் கோயில் கல்வெட்டு ஆடவல்லான் என்னும் மரக்காலைச் சொல்லும். வேறிடத்தில் வேறு மரக்கால். நிலம் அளந்த கோலும் ஊருக்கு ஊர் மாறும். பதினாறு சாண் கோல், பதினெட்டுச் சாண் கோல் என்று கல்வெட்டே குறிக்கும். ‘நெல், கலம்’ என்று ஒரே நெடுவரிசையில் ஏற்றிக் கூட்டிச் சராசரி போட்டால் கணினி மறுக்காது. எத்தனை தசமம் வேண்டுமானாலும் தரும்.

இப்போது 1429க்கு வருவோம்.

விருத்தாசலத்துக் கல்வெட்டைத் தனியாகப் படித்தால் அது ஒரு விநோதச் செய்தி. கல்வெட்டுகளின் மொத்தத் தொகுப்பையும் ஒரு நிரலுக்குக் கொடுத்துப் பொருள்வாரியாகக் குவியலாக்கச் சொன்னால், ‘கணக்கு’, ‘காணி’, ‘கரம்’ என்ற சொற்களைக் கண்டதும் இதையும் வரி ஏற்பாட்டுக் குவியலில் சேர்த்துவிடும். கோயிற்கணக்கு, ஊர்க்கணக்கு, நாட்டுக்கணக்கு என்று கையெழுத்திட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் கடலில், ‘எழுதாதே’ என்ற எதிர்மறை ஒன்று கரைந்துபோகும். அடிக்கடி வருவதைக் காட்டத்தான் அந்த முறை இருக்கிறது. ஒரே முறை நடந்தது அதற்கு இரைச்சல்.

கராஷிமாவும் சுப்பராயலுவும் செய்தது வேறு. ஆடுதுறை, எலவானாசூர், கொறுக்கை முதலிய இடங்களில் அதே 1429ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகளை விருத்தாசலத்தோடு பக்கத்தில் வைத்தார்கள். கொறுக்கைக் கல்வெட்டில் குடிகள் தங்கள் நிலையை விவரிக்கிறார்கள். விளைச்சலுக்கு ஏற்றபடி இல்லாமல் அநியாயமாக வரி போட்டார்கள். ஊரை விட்டு ஓடவிருந்தோம். மண்டலம் முழுவதும் ஒன்றாக இல்லாததால்தான் இப்படி நடந்தது என்று உணர்ந்தோம். இனி நியாயமானதை மட்டும் தருவோம் என்கிறார்கள். வலங்கையும் இடங்கையும் பின்னாளில் சென்னைத் தெருக்களில் அடித்துக்கொண்ட பிரிவுகள் என்றே நாம் படித்திருக்கிறோம். இங்கே இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. ஆண்டு, இடம், குழுப் பெயர், எதிர்க்கப்பட்டவர் யார் என்ற நான்கு தகவல்களையும் வரைபடத்தில் இட்டால் வெள்ளாற்றிலிருந்து காவிரியின் கீழ்ப்பகுதி வரை ஒரே ஆண்டையொட்டி எழுந்த கிளர்ச்சி தெரிகிறது. கையளவு கல்வெட்டுகளில் இது கிடைத்தது. அவை கையளவுதான் என்று உறுதியாகச் சொல்வதற்கு ஆயிரக்கணக்கானவற்றைப் புரட்டியிருக்க வேண்டும்.

விருத்தாசலம் என்ற பெயரைக் கொண்டு தேடினால் இன்னொரு கூத்து. சோழர் கல்வெட்டில் இந்த ஊர் இருங்கோளப்பாடிப் பரூர்க்கூற்றத்துத் திருமுதுகுன்றம். தேவாரத்திலும் முதுகுன்றம். பழமலை என்பது மக்கள் வழக்கு. ஆங்கிலத்தில் எழுதும்போது விருத்தா, விருதா, விரிதா என்று அலுவலகத்துக்கு ஓர் எழுத்துக்கூட்டல். ரயில் நிலையப் பலகை ஒன்று சொல்லும், வங்கிக் கிளையின் முத்திரை இன்னொன்று சொல்லும். இணையத்தில் இருக்கும் தமிழ் இலக்கியத் தொகுப்பில் ‘விருத்தாசலம்’ என்று இட்டால் புதுமைப்பித்தன் வந்து நிற்பார், சொ. விருத்தாசலம் அவருடைய இயற்பெயர். கடலூருக்குப் பக்கத்தில் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், இந்த ஊர்ச் சாமியின் பெயரைச் சுமந்தவர் என்பதால் முற்றிலும் தவறான முடிவு என்றும் தள்ள முடியாது. இடப்பெயர் எது, ஆட்பெயர் எது, இரண்டும் எங்கே தொடுகின்றன என்று ஒரு துணை அட்டவணை போடாமல் இந்த ஊரைப் பற்றி எந்தப் பெருந்தரவு ஆய்வும் தொடங்க முடியாது.

ஊரின் இன்றைய அடையாளமான மண்ணுக்கு வருகிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் இந்த ஊருக்குப் பீங்கான் தொழிலைக் கொடுத்தது. செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்லூரி, மின்சாரப் பீங்கான் கட்டைகள், கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை. மண்பாண்டத்தின் மேல் கீறிய குறிகள்தான் இன்று தமிழ்நாட்டில் மானுடவியல் பெருந்தரவின் மிகப் பெரிய விவாதம் என்பதால் இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது.

தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதிய ஆய்வு 2025 ஜனவரியில் வெளியானது. 140 இடங்களில் கிடைத்த 15,184 குறியீட்டுப் பானை ஓடுகள் ஆவணப்படுத்தப்பட்டன. அவற்றில் 14,165ஐ வகைப்படுத்தி 42 அடிப்படைக் குறிகள், 544 திரிபுகள், 1,521 கூட்டுக் குறிகள் என்று பிரித்திருக்கிறார்கள். குறிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குச் சிந்துக் குறிகளில் ஒப்புமை இருக்கிறது என்பது செய்தித்தாள்களின் தலைப்பானது. சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று முதல்வர் அறிவித்ததும் அதே நேரத்தில்தான்.

இத்தனை ஓடுகளை ஒரே சட்டகத்தில் கொண்டுவந்தது பெரிய சாதனை. முன்பு ஒவ்வோர் அகழாய்வு அறிக்கையின் பின்னிணைப்பிலும் சிதறிக் கிடந்தவை. 60 என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று கோடுகளால் ஆன குறிகள் எங்கும் ஒன்றுபோல இருக்கும். பெருக்கல் குறி, ஏணி, அம்பு, மீன் போன்றவற்றை எந்த நாட்டுக் குயவரும் போடுவார். எகிப்திலோ வேறெங்கோ கிடைத்த பானைக் குறிகளை இதே முறையில் சிந்துக் குறிகளோடு ஒப்பிட்டு எத்தனை விழுக்காடு வருகிறது என்று பார்த்தால்தான் 60 பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும். அங்கே 20 வந்தால் நம் எண்ணுக்கு மதிப்பு ஏறும். 55 வந்தால் இறங்கும். அடுத்து, எது அடிப்படை, எது திரிபு? சிந்துக் குறிகளிலேயே மகாதேவன் கணக்கு 417, பர்ப்போலாவின் கணக்கு 400க்குச் சற்றுக் குறைவு, பிரையன் வெல்ஸின் கணக்கு 700ஐ நெருங்குகிறது. ஒரே முத்திரைகளை மூவர் எண்ணிய கதை இது. இரண்டு வளைவுகளை ஒன்றென்று கொள்பவருக்குக் குறைவாக வரும், வேறென்று கொள்பவருக்குக் கூடும். பிறகு, உடைந்த ஓடு. கூட்டுக் குறியின் நடுவில் பானை உடைந்திருந்தால் ஓட்டில் நிற்பது அடிப்படைக் குறியாகப் பதிவாகும். பானை எத்தனை என்பது யாருக்கும் தெரியாது. ஓடு எத்தனை என்பதே எண்ணப்பட்டது.

இங்கேதான் விருத்தாசலத்துக் கை உதவும். பச்சை மண்ணில் குச்சியால் கீறினால் கோட்டின் இரு ஓரத்திலும் மண் சற்று ஒதுங்கி மேடு கட்டும். சூளையில் வெந்த பின் அந்த மேடு அப்படியே இறுகும். வெந்த பாண்டத்தில் இரும்பு முனையால் கீறினால் மேடு வராது. மேல்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும், உள்ளே மண்ணின் வேறு நிறம் தெரியும். கருப்பு-சிவப்புப் பானைகளில் உள்ள குறிகள் பெரும்பாலும் சுட்ட பிறகு கீறியவை. அப்படியானால் குறி போட்டவர் குயவராக இல்லாமல் பானையை வாங்கிப் பயன்படுத்தியவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். உற்பத்தி அடையாளம், உடைமை அடையாளம் என்ற இரண்டு வேறு வரலாறுகள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிரிகின்றன. ஒவ்வோர் ஓட்டுக்கும் ‘சுடுமுன், சுட்டபின், ஐயம்’ என்று ஒரு நெடுவரிசையை நிரப்ப, களிமண்ணை அச்சில் ஊற்றி, காய்ந்ததைச் செதுக்கி, கிளேஸ் பூசிச் சூளையில் அடுக்குகிறவர்களின் கண் போதும். அந்தக் கண் புள்ளியியல் துறையில் கிடைக்காது.

இப்படி நிரப்புகிறவரின் பெயர் அட்டவணையில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இத்தாலியப் பாதிரியார் ரொபெர்ட்டோ பூசா 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் உதவியோடு தாமஸ் அக்வினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு செய்யத் தொடங்கினார். கணினி மானுடவியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். துளையட்டைகளைத் தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். வெகுகாலம் அவர்கள் பெயரை யாரும் கேட்கவில்லை. நம் ஊர்த் திட்டங்களிலும் மின்வருடியவர், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் முன்னுரையின் கடைசி வரியில் ‘மற்றும் பலர்’ ஆகிவிடுகிறார். நன்றிக்கடனாக மட்டும் இதைச் சொல்லவில்லை. ‘தர’வா ‘தா’வா என்று முடிவு செய்தவர் யார் என்று தெரியாமல் அந்தத் தரவின் பிழையைத் தேட முடியாது.

நடைமுறையில் ஒரு வகுப்பு எதைச் செய்யலாம்? ஊரிலேயே கொளஞ்சியப்பர் பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே வரலாறும் தமிழும் படிக்கும் பிள்ளைகள் பழமலைநாதர் கோயிலின் அச்சான கல்வெட்டுகளை எடுத்து ஒரு சாதாரண விரிதாளில் ஏற்றலாம். கல்வெட்டு எண், சுவரில் இருக்கும் இடம், ஆட்சியாண்டு, கிறித்தவ ஆண்டு, அதைக் கணித்தவர், கொடையாளர், கொடை, அலகு, அலகின் பெயரில் உள்ள ஐயம், பாடம் முழுமையா துண்டா, இன்று சுவரில் இருக்கிறதா. கடைசி நெடுவரிசைக்காக நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். காடவர் தலைவர்களான ஏழிசைமோகன், கோப்பெருஞ்சிங்கன் பெயர்கள் எந்தச் சுவரில் குவிகின்றன, செம்பியன் மாதேவியின் கற்றளியோடு அவை எந்த உறவில் நிற்கின்றன என்பது அட்டவணையிலிருந்தே எழும் கேள்வி. ஐம்பது கல்வெட்டை இப்படி ஏற்றியவருக்கு ஐம்பதாயிரத்தை ஏற்றியவரின் அட்டவணையில் எங்கே குத்திப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அதே கல்லூரியின் பெயருக்குரிய சாமியிடம் இன்னொரு தரவும் இருக்கிறது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். களவு, கடன், குடும்பச் சண்டை, துரோகம் என்று குறையைத் தாளில் மனுவாக எழுதி, சாமி முன் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிடுவார்கள். எழுதுபவரின் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டு அதற்கேற்பப் படிப்பணம் கட்ட வேண்டும். குறை தீர்ந்தால் வந்து பிராதைத் திரும்பப் பெறுவதும் உண்டு. நீதிமன்றத்தில் போல மனு, கட்டணம், வாபஸ் எல்லாம் இருக்கிறது. சமூக வரலாறு எழுதுபவருக்கு வாயில் எச்சில் ஊறும். எந்தத் தாலுகாவிலிருந்து என்ன குறை வருகிறது, பெண்கள் எதை எழுதுகிறார்கள், காவல் நிலையத்துக்குப் போகாத எவை இங்கே வருகின்றன?

தாள் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது என்பதால் கைப்பேசியில் படமெடுத்து ஏற்றிவிடலாமா? டானா பாய்டும் கேட் கிராஃபர்டும் 2012இல் எழுதிய கட்டுரையில் பெருந்தரவைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: கைக்கு எட்டுகிறது என்பதாலேயே எடுப்பது நியாயமாகிவிடுமா என்று. அவர்கள் டுவிட்டரை மனத்தில் வைத்து எழுதினார்கள். கேள்வி மணவாளநல்லூருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. மனு எழுதியவர் சாமிக்கு எழுதினார். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பதும் சரிப்படாது. சிறிய ஊரில் ‘அண்ணன் பத்திரத்தை மாற்றிவிட்டான்’ என்ற ஒரு வரியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் விலக்கு தருகிறது. சட்டம் விட்டுவிடுவதால் ஆய்வாளர் பொறுப்பு தீர்ந்துவிடாது.

என் முடிவு இது: மனுவின் உள்ளே இருப்பதைத் தொட வேண்டாம். கோயில் நிர்வாகம் இசைந்தால் தூரக் கணக்கை மட்டும் கேட்கலாம். மாதவாரியாக, தாலுகாவாரியாக, பெயரும் குறையும் இல்லாமல். அறுவடைக்குப் பின் கூடுகிறதா, தேர்தல் மாதத்தில் குறைகிறதா, கொளஞ்சியப்பரின் எல்லை சேலம் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது, கடலோரம் ஏன் நிற்கிறது என்று அதிலிருந்தே நிறையத் தெரியும். குறைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பிராது கட்டி வெளியே வருகிறவரோடு மரத்தடியில் உட்கார்ந்து, விருப்பமிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கும் அட்டவணையில் ஒரு வரிசை உண்டு: ‘கேட்டோம், சொல்லவில்லை’.